ரோஜா எண்ணெய்: அதன் இயல்பும் பயனும் உழவரின் பங்கும்

(ஊரக வளர்ச்சிப் பணியில் பயிற்சி பெறும் இளம் அதிகாரிகளும் கல்லூரி மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



திருமண வீட்டு வாயிலில் பன்னீர்ச் செம்பிலிருந்து நம்மீது தெளிக்கப்படும் நீரை நாம் அனைவரும் அறிவோம். அந்த நீர் எவ்வாறு உண்டாகிறது, அதனுடன் பிறந்த எண்ணெய் எங்கே செல்கிறது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த எண்ணெயைப் பற்றித்தான். ரோஜா மலரை நீரோடும் நீராவியோடும் காய்ச்சி வடித்துப் பெறும் இந்த எண்ணெய், உலகச் சந்தையில் மிக உயர்ந்த விலைக்கு விற்கப்படும் வேளாண் பொருள்களுள் ஒன்று. ஒரு கிலோகிராம் எண்ணெய் லட்சக்கணக்கான ரூபாய் பெறும். எனினும் அந்தப் பூவைப் பயிரிடும் உழவரின் வீட்டில் அந்த லட்சங்களின் சுவடு பெரும்பாலும் காணப்படுவதில்லை. ஏன் இவ்வாறு நேர்கிறது என்பதே என் உரையின் மையக் கேள்வி.

பொருளாதாரம் பயின்ற ஒருவர் வேதியியலுக்குள் நுழைவது எதற்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். ஒரு பொருளின் இயல்பை அறியாமல் அதற்குத் திட்டம் தீட்டினால் என்ன நேரும் என்பதை என் சொந்தப் பிழையின் மூலமே நான் கற்றுக்கொண்டேன். அதைப் பின்னர் கூறுகிறேன். முதலில் பொருளின் இயல்பைக் காண்போம்.

பூவும் அதன் கணக்கும்

எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் ரோஜா, பூங்காக்களில் நாம் காணும் பெரிய ரோஜா அன்று. அது டமாஸ்க் ரோஜா என்ற இளஞ்சிவப்பு மலர். நம் பூக்கடைகளில் பன்னீர் ரோஜா என்று அழைக்கப்படுவது அதற்கு நெருங்கிய உறவுடையது. பல்கேரியாவின் கசான்லக் பள்ளத்தாக்கும், துருக்கியின் இஸ்பார்தா பகுதியும் உலகின் ரோஜா எண்ணெயில் பெரும்பகுதியை அளிக்கின்றன. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தின் அலிகார், ஹாத்ரஸ், ஏட்டா, கன்னோஜ் வட்டாரங்கள் இத்தொழிலில் பழமையானவை. ராஜஸ்தானில் புஷ்கரும் ஹல்திகாட்டியும் பன்னீருக்கும் குல்கந்துக்கும் பெயர் பெற்றவை. இமாசலப் பிரதேசத்திலும் காஷ்மீரிலும் குளிர்ச்சியான தட்பவெப்பம் இப்பயிருக்கு மிகவும் ஏற்றதாக உள்ளது. உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் 19-ஆம் நூற்றாண்டில் ரோஜா வயல்களுக்குப் புகழ் பெற்றிருந்தது. அந்தப் புகழைக் கேட்டே ரவீந்திரநாத தாகூர் 1888-ஆம் ஆண்டில் அங்குச் சென்று தங்கினார்.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு மலரின் எடை ஏறத்தாழ இரண்டரை கிராம். ஆகவே ஒரு கிலோவுக்குச் சுமார் 400 மலர்கள். ஒரு கிலோ எண்ணெய் பெறுவதற்கு 3,500 முதல் 4,000 கிலோ வரையில் பூ தேவைப்படுகிறது. சமவெளியில் சில பருவங்களில் இதனினும் கூடுதலாகத் தேவைப்படும். 4,000 கிலோ என்று கொண்டால் 16 லட்சம் மலர்கள். அத்தனையும் கையால் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட வேண்டியவை. அதுவும் விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன் பறிக்கப்பட வேண்டியவை. வெயில் ஏற ஏற மலரிலுள்ள எண்ணெய் காற்றோடு கலந்துவிடுகிறது. முற்பகல் பத்து மணிக்குப் பறித்த பூவும் காலை ஆறு மணிக்குப் பறித்த பூவும் தராசில் ஒரே எடை காட்டலாம். காய்ச்சும் கலத்தில் ஒரே பலன் தரமாட்டா.

பறித்த பின்னும் பூ சும்மா இருப்பதில்லை. மூட்டையில் அடைத்து வைத்தால் உள்ளே வெப்பம் ஏறிப் புளிக்கத் தொடங்குகிறது. எண்ணெயின் அளவு குறைவதோடு அதன் கூட்டமைப்பும் மாறுகிறது. ஜெரானியால் என்ற பொருள் குறைந்து சிட்ரோனெல்லால் என்ற பொருளின் விகிதம் கூடுகிறது. ஆகவே பறித்த சில மணி நேரத்துக்குள் மலர் கலத்தை அடைந்தாக வேண்டும். இந்த ஓர் உண்மையை நினைவில் நிறுத்துங்கள். பொருளாதாரம் இங்கிருந்தே தொடங்குகிறது.

நீராவி செய்யும் வேலை

ரோஜா எண்ணெயின் முக்கியக் கூறுகள் தனித்தனியே கொதிப்பதற்கு 220 டிகிரி சென்டிகிரேடு அளவிலான வெப்பம் தேவை. அவ்வளவு வெப்பத்தில் மலர் கருகிவிடும். இந்தச் சிக்கலை நீர் தீர்த்து வைக்கிறது. ஒன்றோடொன்று கரையாத இரண்டு திரவங்களைச் சேர்த்துக் காய்ச்சும்போது ஒவ்வொன்றும் தன் ஆவியழுத்தத்தைத் தனித்தனியே செலுத்துகிறது. இரண்டின் கூட்டுத்தொகை வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டியவுடன் கலவை கொதித்துவிடுகிறது. இதனால் நீரின் கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே எண்ணெய் நீராவியுடன் கூடி வெளியேறுகிறது. அந்த ஆவியைக் குளிரவைத்தால் நீர் கீழும் எண்ணெய் மேலுமாகப் பிரிகின்றன.

நீராவியை நேரே பூவின்மீது செலுத்தினால் இதழ்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். ஆவி அக்கட்டியைச் சுற்றிக்கொண்டு சென்றுவிடும். ஆகவே ரோஜாவைப் பொறுத்தவரை இதழ்கள் நீரில் மிதந்தவாறே காய்ச்சப்படுவதுதான் வழக்கம். பெரிய ஆலைகளில் நீரும் நீராவியும் சேர்த்துப் பயன்படுத்தப்படுகின்றன. முதலில் வடியும் நீரின் மேல் மிதக்கும் எண்ணெய் சொற்பமே. பெரும்பகுதி அந்த நீரிலேயே மிக நுண்ணிய துளிகளாகக் கலந்து நிற்கும். அந்த நீரை மீண்டும் ஒருமுறை காய்ச்சி வடித்தால்தான் அதைப் பிரித்தெடுக்க முடியும். இந்த மறுவடிப்பைச் செய்யாத இடத்தில் எண்ணெய் கிடைக்கவில்லை என்று செடியைக் குறை சொல்வதில் பொருளில்லை.

இங்கே மற்றொன்றையும் கூற வேண்டும். ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் என்ற பொருள்தான் ரோஜா இதழை முகரும்போது நாம் உணரும் மென்மையான மணத்தில் பெரும்பங்கு வகிப்பது. அது நீரில் கரையக்கூடியது. எனவே காய்ச்சும்போது அதன் பெரும்பகுதி எண்ணெயில் சேராமல் நீரில் தங்கிவிடுகிறது. அந்த நீரே பன்னீர். கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கும் முறையில் இது முழுமையாகக் கிடைப்பதால், அம்முறையில் பெறும் சாரம் நிறத்திலும் மணத்திலும் வேறுபடுகிறது. ஒரே பூவிலிருந்து முழு அளவு எண்ணெயும், முழு மணமுள்ள பன்னீரும் ஒருங்கே பெற இயலாது. முதல் வடிநீரை மறுபடி காய்ச்சினால் எண்ணெய் கூடும். அதையே பன்னீராக விற்றால் எண்ணெய் குறையும். எது இலாபம் என்பதை அந்தந்த ஊரின் சந்தை நிலவரமே முடிவு செய்ய வேண்டும். சில திட்டக் குறிப்புகளில் இரண்டையும் முழுமையாக வரவில் எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். அது கணக்குப் பிழை.

கன்னோஜின் பழைய முறை

நம் நாட்டில் இக்கலை மிகப் பழமையானது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் (ஆட்சிக்காலம் 1605–1627) தம் நினைவுக் குறிப்புகளில், நூர்ஜஹானின் தாயார் பன்னீர் தயாரித்தபோது, சூடான நீரை ஊற்றிய பாத்திரத்தின் மேற்பரப்பில் படர்ந்த எண்ணெய்ப் படலத்தைச் சிறிது சிறிதாகச் சேகரித்ததைக் குறிப்பிடுகிறார். அதற்குத் தம் பெயராலேயே அத்தர் என்று பெயர் சூட்டப்பட்டதையும் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார்.

கன்னோஜில் இன்றும் செப்பு அண்டாவில் பூவையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, விறகு அல்லது வறட்டித் தீயில் காய்ச்சுகிறார்கள். அண்டாவுக்கு 'தேக்' என்று பெயர். ஆவியை ஒரு மூங்கில் குழாய், நீர்த்தொட்டியில் அமர்த்திய 'பப்கா' என்ற செப்புக் குடத்துக்குக் கொண்டுசெல்கிறது. அந்தக் குடத்தில் சந்தன எண்ணெய் இருந்தால் அது மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். நாள்தோறும் புதுப் பூவை இட்டு இதைத் தொடர்ந்து செய்தால் கிடைப்பது ரோஜா அத்தர். சந்தனம் இன்றித் தனியே பிரித்தெடுக்கும் தூய எண்ணெய்க்கு 'ரூஹ் குலாப்' என்று பெயர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது தவறு. வெப்பமானியும் அழுத்தமானியும் இல்லாமல் குடத்தைக் கையால் தொட்டே நிலைமையை அறியும் தொழிலாளியின் திறமை தலைமுறை தலைமுறையாக வந்தது. ஆனால் ஒரு கலத்தின் பலனுக்கும் அடுத்த கலத்தின் பலனுக்கும் வேறுபாடு நேர்வதை அத்திறமையாலும் முற்றிலும் தவிர்க்க இயல்வதில்லை.

எண்ணெயின் இயல்பு

தூய ரோஜா எண்ணெய் வெளிர்மஞ்சள் நிறமுடையது. நீரைவிட இலேசானது. சுமார் 20 டிகிரி சென்டிகிரேடு அளவில் குளிர்ந்தால் அதில் மெல்லிய படிகங்கள் தோன்றிக் கெட்டியாகும். உள்ளங்கையின் சூட்டில் மீண்டும் உருகும். இதற்குக் காரணம் அதிலுள்ள மெழுகுப் பொருள்கள். இவற்றுக்கு மணம் கிடையாது. ஆயினும் இவை எண்ணெயில் கணிசமான பங்கு வகிக்கின்றன. சிட்ரோனெல்லால், ஜெரானியால், நெரால் ஆகிய மூன்றும் சேர்ந்து எண்ணெயில் பாதி அளவோ அதற்கு மேலோ இருக்கும்.

வியப்புக்குரியது இனித்தான். டமாசினோன் என்ற ஒரு பொருள் இந்த எண்ணெயில் மிகச் சிறிய அளவிலேயே இருக்கிறது. ஆயினும் மணத்தில் அதன் பங்கு முதன்மையான கூறுகளின் பங்குக்குக் குறைந்ததன்று. 1960-களில் பல்கேரிய எண்ணெயை ஆராய்ந்த வேதியியலார் இதைக் கண்டறிந்தனர். ரோஜா ஆக்சைடு என்பதும் இவ்வாறே சிறிய அளவில் பெரிய பணி செய்வது. எனவே முதன்மைக் கூறுகளை மட்டும் ஆலையில் செய்து கலந்துவிட்டால் ரோஜா எண்ணெய் ஆகிவிடாது. இயற்கை எண்ணெய்க்கு இன்றும் மதிப்பு நீடிப்பதற்கு இது ஒரு காரணம்.

பயன்கள்

உயர்தர வாசனைத் திரவியங்களே இவ்வெண்ணெயின் முதல் பயன். ஒரு துளியாயினும் அது மற்ற மணங்களை இணைத்து நிறைவு செய்கிறது. முகப்பூச்சு, சோப்பு முதலிய அழகுப் பொருள்களில் உயர்ந்த ரகங்களில் மட்டுமே உண்மையான எண்ணெய் சேர்கிறது. மலிவானவற்றுக்குச் செயற்கை மணமே கட்டுப்படியாகும். ஊதுபத்தித் தொழிலும் அவ்வாறே. இனிப்புகளிலும் பானங்களிலும் பன்னீர் பயன்படுகிறது. இதழைச் சர்க்கரையோடு சேர்த்துப் பக்குவம் செய்வது குல்கந்து.

மருத்துவப் பயன் பற்றிக் கவனத்துடன் பேச வேண்டும். இதன் மணம் மன அமைதி தருவதாகச் சிறிய அளவிலான ஆய்வுகள் நடந்துள்ளன; ஆய்வுக்கூடத்தில் சில நுண்ணுயிர்களை இது தடுப்பதும் காணப்பட்டுள்ளது. இவற்றைக் கொண்டு இதை நோய் தீர்க்கும் மருந்து என விளம்பரம் செய்வது முறையாகாது. மேலும் இதில் இயற்கையாகவே மெத்தில் யூஜினால் என்ற பொருள் சிறிதளவு உள்ளது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2023-ஆம் ஆண்டில் அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் எனக் கருதத்தக்க பொருள்களின் வரிசையில் சேர்த்தது. பன்னாட்டு வாசனைப் பொருள் தொழில்துறை அதன் அளவுக்கு வரம்பு விதித்துள்ளது. ஆகவே செறிந்த எண்ணெயைத் தோலில் நேரடியாகத் தடவுவதும் உட்கொள்வதும் தவிர்க்கத்தக்கவை. ஏற்றுமதி செய்ய விரும்புவோர் இப்பொருளின் அளவைச் சோதித்து அறிந்திருப்பது இன்றியமையாதது.

நம் நாட்டின் பயன்பாட்டில் மனத்துக்கு உவப்பில்லாத ஓர் உண்மையும் உண்டு. கன்னோஜ் வட்டாரத்து அத்தரிலும் ரூஹிலும் பெரும்பங்கு பான் மசாலாவுக்கும் புகையிலைப் பொருள்களுக்கும் சென்றுவந்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 2012-ஆம் ஆண்டு முதல் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குட்காவைத் தடை செய்தன. பொதுச் சுகாதாரத்தின் நோக்கில் அது சரியான முடிவே. அதே வேளையில் ஒரே வாடிக்கையாளரை நம்பி நின்ற தொழிலின் நிலை எவ்வளவு ஆட்டம் காணக்கூடியது என்பதையும் அது காட்டியது. சந்தன எண்ணெயின் தட்டுப்பாடு மற்றோர் இடி. சந்தன மரம் நெடுங்காலம் அரசின் உடைமையாக இருந்து, கர்நாடகத்தில் 2001-ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் 2002-ஆம் ஆண்டிலும்தான் நில உரிமையாளர்க்கு உரிமை தரும் வகையில் சட்டம் திருத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சந்தனத்தின் இடத்தைக் கனிம எண்ணெய் பிடித்துக்கொண்டது. அத்தரின் பெயர் நின்றது, தரம் தளர்ந்தது.

கலப்படமும் நம்பிக்கையும்

விலை உயர்ந்த பொருளைக் கலப்படம் நிழல்போல் தொடரும். இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் மத்திய இந்தியப் பகுதியின் பாமரோசாப் புல் எண்ணெய் பம்பாய்த் துறைமுகம் வழியாகக் கான்ஸ்டான்டிநோபிளுக்குச் சென்றது. ஜெரானியால் மிகுந்த அந்த எண்ணெய் அங்கு ரோஜா எண்ணெயோடு கலக்கப்பட்டது. மெழுகு குறைந்து எண்ணெய் உறையாமற் போனால் திமிங்கிலக் கொழுப்பு மெழுகைச் சேர்த்து அதையும் சரிக்கட்டினார்கள். படிகம் தோன்றுகிறதா என்ற பழைய சோதனை இவ்வாறு பயனற்றதாயிற்று.

இன்று வாயுக் குரோமட்டோகிராஃபி முறையில் கூறுகளை ஒவ்வொன்றாக அளந்துவிடலாம். மேலும் ஒரு நுட்பம் உண்டு. சிட்ரோனெல்லால் மூலக்கூறுக்கு, வலக்கையும் இடக்கையும் போல, ஒன்றன் பிம்பமாக மற்றொன்று அமைந்த இரண்டு வடிவங்கள் உள்ளன. ரோஜாச் செடி ஏறக்குறைய ஒரே வடிவத்தை மட்டும் ஆக்குகிறது. ஆலையில் செய்யும் சாதாரணச் செயற்கைச் சரக்கில் இரண்டும் சமமாக இருக்கும். ஆகவே கலப்படம் தன்னையே காட்டிக்கொடுத்துவிடும். சோதனைச் சான்று உள்ள எண்ணெய்க்கும் இல்லாத எண்ணெய்க்கும் இடையிலான விலை வேறுபாடு மிகப் பெரிது. சான்று பெற வழியற்ற சிறு உற்பத்தியாளர் தூய எண்ணெயையும் கலப்பட எண்ணெயின் விலைக்கே விற்க நேர்கிறது. நேர்மைக்குச் சந்தையில் விலை கிடைக்க வேண்டுமானால் அதை நிரூபிக்கும் வசதியும் வேண்டும்.

ஒரு படிப்பினை

இனி என் பிழையைக் கூறுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் மலையடிவார வட்டம் ஒன்றில் ரோஜா சாகுபடித் திட்டத்துக்கு மதிப்பீட்டுக் குறிப்பு எழுதும் பணி என்னிடம் வந்தது. ஓர் எக்டேருக்கு இத்தனை கிலோ பூ, அதிலிருந்து இத்தனை கிராம் எண்ணெய், எண்ணெயின் விலை இவ்வளவு எனப் பெருக்கிக் காட்டினேன். கோதுமையோடு ஒப்பிட்டால் வருமானம் பன்மடங்கு தோன்றியது. கோப்பு எந்த ஆட்சேபமும் இன்றி மேலே சென்றது. நாற்றுகள் உரிய காலத்தில் வழங்கப்பட்டன. காய்ச்சி வடிக்கும் கலம் மட்டும் வரவில்லை. ஒப்பந்தப்புள்ளி ஒருமுறை ரத்தாகி, மறுமுறை கோரப்பட்டு, இரண்டு பூப்பருவங்கள் கடந்துவிட்டன.

மூன்றாவது பருவத்தில் நான் அங்குச் சென்றேன். மிக அருகிலிருந்த வடிகலம் தனியார் ஒருவருடையது. வண்டியில் மூன்று மணி நேரப் பயணம். முற்பகல் பதினொரு மணியளவில் அதன் வாயிலில் மூட்டைகளோடு உழவர்கள் வரிசையில் நின்றிருந்தனர். மூட்டையில் கை வைத்தால் சுட்டது. வயது முதிர்ந்த உழவர் ஒருவர் என்னிடம், "சாகிப், காலை ஆறு மணிக்கு இந்தப் பூ என்னுடையது, பதினொரு மணிக்கு இது அவருடையது, அவர் சொல்வதே விலை" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு நடைமுறையை எனக்கு விளக்கும் தொனியே இருந்தது. அடுத்த ஆண்டில் அவ்வூரில் பாதி நிலத்தில் செடிகள் பிடுங்கப்பட்டுக் கோதுமை விதைக்கப்பட்டிருந்தது.

நான் எழுதிய எண்களில் தவறில்லை. பூ எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்ற ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. பூவை விற்பவர் கடிகாரத்தைப் பார்த்து விற்கிறார். எண்ணெயை விற்பவர் நாட்காட்டியைப் பார்த்து விற்கிறார். காற்றும் ஒளியும் புகாத கலத்தில் குளிர்ச்சியாக வைத்த எண்ணெய் மாதக்கணக்கில் கெடாது. எண்ணெய் உடையவர் நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். பூ உடையவர்க்கு அந்த வலிமை கிடையாது. ஒரு வட்டாரத்தில் பலர் விற்க, ஒருவரே வாங்கும் நிலையில் விலை யார் பக்கம் சாயும் என்பதைப் பொருளாதாரப் பாடநூல் நமக்கு முன்பே கற்பித்திருக்கிறது. அந்தப் பாடத்தை அந்த உழவர் நூலின்றியே அறிந்திருந்தார்.

செய்யத்தக்கவை

துருக்கியின் இஸ்பார்தாவில் 1954-ஆம் ஆண்டில் ரோஜா உழவர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றிணைந்து 'குல்பிர்லிக்' என்ற ஒன்றியத்தை அமைத்தன. பூவை வாங்குவதும் காய்ச்சுவதும் எண்ணெயை விற்பதும் அதன் பணி. பல்கேரிய ரோஜா எண்ணெய்க்கு 2014-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. நம் நாட்டிலும் கன்னோஜ் வாசனைத் திரவியங்கள் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் 'நூர்ஜஹான்' என்ற ரகத்தையும், பாலம்பூரின் இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 'ஜ்வாலா', 'ஹிம்ரோஸ்' என்ற ரகங்களையும் வெளியிட்டுள்ளன. கன்னோஜில் 1991-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நறுமண, சுவைப்பொருள் மேம்பாட்டு மையம் சோதனைக்கும் பயிற்சிக்கும் வசதி செய்துள்ளது. அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு 2017-ஆம் ஆண்டில் நறுமணப் பயிர்களுக்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அறிவுக்கும் நிறுவனங்களுக்கும் குறைவில்லை. அவற்றை உழவரின் வயல்வரை கொண்டுசேர்க்கும் வரிசைமுறையில்தான் நாம் தவறுகிறோம்.

வருங்காலத்தில் இத்தகைய கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, கலம் முதலில் வருகிறதா, நாற்று முதலில் வருகிறதா? ரோஜாச் செடி நல்ல பலன் தர மூன்றாம் ஆண்டாகும். அந்த இடைவெளி கலத்தை நிறுவப் போதுமானது. ஆனால் நாற்று வழங்கிய அன்றே இலக்கு எட்டப்பட்டதாக அறிக்கை எழுதிவிட்டால் அந்த ஆண்டுகள் வீணாகிவிடும். செடி வளரும் காலத்தில் உழவர் எதைக் கொண்டு வாழ்வார் என்பதற்கும் திட்டத்தில் இடம் வேண்டும்.

இரண்டாவது, கலத்தின் அளவு எதைக் கொண்டு முடிவு செய்யப்பட்டது? ஓர் உதாரணம் கூறுகிறேன். பத்து எக்டேர் பயிரிட்ட ஒரு கிராமத்தில், எக்டேருக்கு மூன்று டன் வீதம், முப்பது நாள் பருவத்தில் முப்பது டன் பூ வருவதாகக் கொள்வோம். சராசரி நாளொன்றுக்கு ஒரு டன். ஆனால் மலர் சராசரியாகப் பூப்பதில்லை. உச்ச வாரத்தில் நாளொன்றுக்கு இரண்டு டன் வரக்கூடும். சராசரிக்கு ஏற்ற கலத்தை வாங்கினால், மிகுதியாகப் பூக்கும் நாட்களிலேயே பூ வீணாகும். அந்த முப்பது டன் பூவிலிருந்து கிடைக்கும் எண்ணெய் ஏழரை கிலோ அளவே என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு கிராமத்தின் ஆண்டு உழைப்பு ஒரு சிறு குடத்தில் அடங்கிவிடுகிறது. ஒரு நாள் தாமதமும் ஒரு கசிவும் எவ்வளவு பெரிய இழப்பு என்பது இதிலிருந்து விளங்கும்.

மூன்றாவது, எஞ்சிய பதினொரு மாதங்கள் கலம் என்ன செய்யும்? உத்தரப் பிரதேசச் சமவெளியில் ரோஜா மார்ச், ஏப்ரல் மாதங்களில் முடிந்துவிடும். புதினா எண்ணெய்க்கான அறுவடை மே, ஜூன் மாதங்களில் வருகிறது. பாமரோசாவும் எலுமிச்சைப் புல்லும் உள்ளன. கலத்தை நன்கு கழுவி மணம் தங்காமல் செய்துகொண்டால் ஒரே முதலீடு பல பயிர்களுக்கு உதவும். புதினா எண்ணெயில் நம் நாடு உலகின் முன்னணிக்கு வந்ததற்குக் கிராமந்தோறும் வயலருகே எழுந்த எளிய வடிகலங்கள் ஒரு முக்கியக் காரணம் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

நான்காவது, எண்ணெய் யாருடையது? உழவர் சங்கம் எண்ணெயை உடனே விற்றாக வேண்டிய நெருக்கடியில் இருந்தால் கலம் இருந்தும் பயனில்லை. சேமித்து வைத்த எண்ணெயின் பேரில் கடன் பெறவும், அருகிலுள்ள ஆய்வுக்கூடத்தில் சோதனைச் சான்று பெறவும் ஏற்பாடு இருக்க வேண்டும். பறிக்கும் பணியில் பெரும்பாலும் பெண்களே ஈடுபடுகின்றனர். அவர்களுடைய கூலி எடையை மட்டும் சார்ந்திராமல் அதிகாலைப் பறிப்புக்கு ஊக்கமளிப்பதாக அமைதல் நலம். எண்ணெய் கூடுவதன் பயனில் அவர்களுக்கும் உரிமை உண்டு.

நண்பர்களே, ரோஜாப் பயிர் எல்லோருக்கும் ஏற்றது என்று நான் கூறவில்லை. தட்பவெப்பம் பொருந்தாத இடத்திலும், பறிக்க ஆள் கிடைக்காத இடத்திலும், கலம் எட்டாத தொலைவிலும் இதைப் பரிந்துரைக்காமல் இருப்பதே உழவருக்குச் செய்யும் நன்மை. ஆனால் ஏற்ற இடத்தில் இது ஒரு சிறு நிலத்தின் வருவாயை உயர்த்தவல்லது. செயற்கைச் சரக்கால் முழுமையாக இடம்பெயர்க்க முடியாத பொருளும்கூட. அதன் பெருமதிப்பு விடியலுக்கும் முற்பகலுக்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தில் உறுதிசெய்யப்படுகிறது, அல்லது இழக்கப்படுகிறது. அந்தச் சில மணி நேரத்துக்குள் பூவைக் கலத்துக்குக் கொண்டுசேர்க்கும் திட்டமே நல்ல திட்டம். அந்தக் கலத்தில் உழவருக்குப் பங்கு இருந்தால், பதினொரு மணிக்கும் அந்தப் பூ அவருடையதாகவே இருக்கும்.